அழிக்கச் சொல்வதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்

நேற்று அந்தப் பதிவின் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டபிறகு வைஃபை வரவில்லை என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். "எதையும் பார்க்காமல் ஏன் போட்டாய்?" என்று ஆளாளுக்கு அதட்டுகிறார்கள். பார்க்க வேண்டும் என்று அவளிடம் யார் சொன்னார்கள்? "விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அழித்துவிட்டு லினக்ஸ் போடு, அரைமணி நேர வேலை" என்று போன வாரம் சொன்னவர்கள்தானே நீங்கள்?

நான் பதினைந்து வருஷமாக லினக்ஸ்தான் பயன்படுத்துகிறேன். விண்டோஸ்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

லினக்ஸ் வகைகளான உபுண்டு, மின்ட் இரண்டையுமே ஹார்ட் டிஸ்கில் எதையும் எழுதாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். கட்டளை அடிக்கும் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) என்று அடித்தால் வைஃபை சிப் யாருடையது என்று வரும். பிராட்காம் என்றோ ரியல்டெக் என்றோ வந்தால், கூடவே வரும் மாடல் எண் லினக்ஸில் வேலை செய்யுமா என்று தேடிப் பார்த்துவிட்டு மேலே போக வேண்டும். இதைச் சொல்ல இரண்டு வரி போதும்.

"என் லேப்டாப்பில் எல்லாம் வேலை செய்கிறதே" என்கிறார் ஒருவர். ஒரே மாடலிலேயே இரண்டு விதமான வைஃபை கார்டு போட்டு விற்கிறார்கள். உங்கள் லேப்டாப் அவளுக்குச் சாட்சி ஆகாது.

2019இல் என் சித்தி மகளின் லேப்டாப்பில் இதே தவறை நான் செய்தேன். நான் போட்டது டெபியன் என்ற லினக்ஸ் வகை. அவளுடைய வைஃபை கார்டு இயங்க வேண்டிய மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், அப்போது டெபியனின் வழக்கமான ஐஎஸ்ஓவில் (இன்ஸ்டால் செய்யும் கோப்பில்) இல்லை. அது சேர்ந்த ஐஎஸ்ஓ தனியாக இருந்தது, நான் கவனிக்கவில்லை. இறக்கலாம் என்றால் இணையம் வேண்டும். அந்த லேப்டாப்பில் லேன் போர்ட்டும் கிடையாது. விண்டோஸை அதற்குள் அழித்தாகிவிட்டது. மறுநாள் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்து, "பரவாயில்லண்ணா" என்றாள். அதற்கப்புறம் அவள் லினக்ஸ் பக்கமே வரவில்லை. அந்தப் பரவாயில்லண்ணா இன்னும் எனக்கு உறுத்துகிறது.

டெபியன்காரர்களே 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, கட்டற்றதல்லாத, அதாவது யாரும் திறந்து பார்த்து மாற்ற முடியாத ஃபர்ம்வேரையும் இன்ஸ்டாலரோடு சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023இல் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கொள்கையில் அவ்வளவு கறாரானவர்களே ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்து இறங்கி வந்தார்கள். நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

"போனில் டெதரிங் போட்டு, போனின் இணையத்தையே லேப்டாப்புக்குக் கொடுத்தால் போச்சு" என்பீர்கள். சரிதான். அதை அவள் கேட்டவுடனேயே சொல்லியிருக்கலாமே? நாற்பது பேர் பேசினீர்கள், ஒருவர்கூடச் சொல்லவில்லை. ராத்திரி அவள் பதிவையே எடுத்துவிட்டாள்.

தங்கச்சி, இதைப் படித்தால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், இணையம் வந்துவிடும். அப்புறம் எல்எஸ்பிசிஐ என்ன காட்டுகிறது என்று எனக்கு அனுப்புங்கள். ராத்திரி பதினொரு மணி வரை விழித்திருப்பேன்.