பட்டியல் கொடுத்த பிறகா விதி மாறும்?

ஒரே வீரரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதியை மாற்றிய செவ்வாய்க்கிழமை இரவு வாக்கெடுப்பில் என்ன நடந்தது என்பது நம் லீக்கின் 12 பேருக்கும் தெரியும். மற்றவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள், எனக்கு 'அழுகுணி' என்று ஒரு பட்டத்தையும் சேர்த்து. சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அழுகுணி ஆட்டம் ஆடியது யார் என்பதை ஒருமுறை நிதானமாகப் பேசிவிடலாம்.

'கீப்பர்' என்றதும் தோனியை நினைத்துக்கொள்ளும் ஊர்ச் சொந்தங்களுக்காக ஒரு விளக்கம். இது ஃபேண்டஸி பேஸ்பால். நிஜ வீரர்களைச் சுற்று முறையில் ஆளுக்கொருவராகப் பொறுக்கிக் கற்பனை அணி அமைப்போம். அவர்கள் மைதானத்தில் செய்வது நம் கணக்கில் ஏறும். பருவம் முடிந்ததும் நான்கு பேரை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அவர்கள்தான் கீப்பர்கள். எந்தச் சுற்றில் எடுத்தோமோ அந்தச் சுற்றுத் தேர்வை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டும். ஆகவே யார் பெரிய வீரர் என்பதல்ல கேள்வி. யார் மலிவாகக் கிடைத்தார் என்பதே கேள்வி. முதல் சுற்றில் எடுத்த நட்சத்திரத்தை வைத்துக்கொள்வதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. கடைசிச் சுற்றில் எடுத்த பொடியன் நட்சத்திரமானால், அங்கேதான் இருக்கிறது ஆட்டம்.

என் பொடியன் பால் ஸ்கீன்ஸ். 2024 மார்ச்சில் 23ஆம் சுற்றில், அதாவது கடைசிச் சுற்றில் எடுத்தேன். அப்போது அவர் மைனர் லீக்கில், அதாவது கீழ்நிலைப் போட்டிகளில் இருந்தார். 'மேலே எப்போது வருவாரோ, அதுவரை ஒரு இடத்தை வீணாக்குகிறாயே' என்று சிரித்தவர்கள் யார் யார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆறு வாரத்துக்கு மேல் அந்த இடம் எனக்கு ஒரு புள்ளிகூடத் தரவில்லை. அதில் இரண்டு வாரம் மயிரிழையில் தோற்றேன். சிரித்தீர்கள். நானும் கூடவே சிரித்துவைத்தேன்.

மே 11 அன்று அவர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்காக முதல்முறை பந்து வீசினார். மகளை அழைத்துக்கொண்டு அவர்களுடைய மைதானமான பிஎன்சி பார்க்குக்குப் போயிருந்தேன். எதிரணி சிகாகோ கப்ஸ். நான்கு இன்னிங்ஸைத் தாண்டி நின்றார், ஏழு பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது சரியாக அடிக்கவிடாமலே வெளியேற்றினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களோ, மூன்று தளங்களிலும் ஆள் நிற்கும்போது எட்டாத இடத்தில் நாலு நாலு பந்தாகப் போட்டு, எதிரணியை நடக்கவிட்டே ஓட்டங்களைத் தானம் செய்தார்கள். பிறகு மழை. இரண்டு மணி நேரத்துக்கு மேல். 'அப்பா, வீட்டுக்குப் போகலாம்' என்று மகள் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலைக் கொடுத்துச் சமாதானம் செய்து உட்காரவைத்தேன். 10-9 என்று பைரேட்ஸ் வென்றது. அவளுக்கு மூன்று நாள் சளி, எனக்கு வீட்டில் மூன்று நாள் அர்ச்சனை. இதையெல்லாம் எந்தச் சுற்றின் விலையில் சேர்ப்பீர்கள்?

அந்த ஆண்டு அவருடைய ஓட்டச் சராசரி, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டம், 1.96 (குறைவதுதான் நல்லது). சிறந்த புதுமுக வீரர் விருது. 2025இல் 1.97, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது. (அப்படி வீசியும் அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வி 10. பைரேட்ஸ் மட்டையாளர்களைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம்.) சட்டென்று, ஒருவரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்வது லீக்குக்கு ஆரோக்கியமல்ல என்று சிலருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

பிறக்கட்டும். ஆனால் கீப்பர் பட்டியல் கொடுக்கக் கடைசி நாள் ஞாயிறு. ஞானம் பிறந்தது செவ்வாய். ஞாயிறன்று நான்கு பெயர்களை அனுப்பிவிட்டேன். ஸ்கீன்ஸ் இருக்கிறார் என்ற தைரியத்தில், மூன்றாம் சுற்று விலை கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய பந்துவீச்சாளர் கேரெட் குரோஷேவை விட்டுவிட்டேன். போன ஆண்டு 255 ஸ்டிரைக் அவுட் எடுத்த கை அது. இப்போது அவரும் பொதுவில், ஸ்கீன்ஸும் பொதுவில். இந்த ஆண்டு முதல் தேர்வு யாருடையது என்று கேட்கிறீர்களா? தீர்மானத்தைக் கொண்டுவந்தவருடையதுதான். தற்செயலாம். நம்புகிறேன்.

'எல்லாருக்கும் பொதுவான விதிதானே' என்கிறார்கள். ஆமாம், பொதுவான விதிதான். அது இந்த ஆண்டு தொடுவது மொத்தம் ஒரே ஒருவரை. அவ்வளவு பொது.

'இந்த லீக் முறையின் பிறப்பிலேயே கால வரம்பு உண்டே' என்று ஒருவர் வரலாறு எடுத்தார். எனக்கும் அந்த வரலாறு தெரியும். 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய ரோட்டிசெரி லீக்கில், 260 டாலருக்கு 23 வீரர்களை ஏலத்தில் எடுப்பார்கள். ஏலத்தில் எடுத்த விலைக்கே ஒருவரை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது. நீண்ட ஒப்பந்தம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஐந்து டாலர் கூடும். நல்ல விதி, எனக்குப் பிடித்த விதி. ஆனால் ஏலத்தில் கை தூக்கும்போதே அது எல்லாருக்கும் தெரியும், ஐயா! பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு ஓக்ரென்ட் விதி எழுதவில்லை. தான் கண்டுபிடித்த ஆட்டத்தில் அவர் ஒருமுறைகூட வென்றதில்லை என்பார்கள். அதில் எனக்கு ஒரு தனி ஆறுதல் உண்டு.

'ஒட்டானி விஷயத்தில் விதியை மாற்றச் சொன்னதே நீதானே' என்றும் கேட்டுவிட்டார்கள். ஒட்டானி மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். நாம் ஆடும் இணையதளத்தில் அவர் இரண்டு ஆள், மட்டையாளர் ஒருவர், பந்துவீச்சாளர் ஒருவர். ஒரே மனிதனை இரண்டு பேர் கீப்பராக வைத்திருப்பது வேடிக்கையாக இருக்கிறது என்று சொன்னேன். டிராஃப்டுக்கு, அதாவது வீரர்களைப் பொறுக்கும் நாளுக்கு, முன்பே சொன்னேன். சரி, டிராஃப்டுக்கு முந்தைய நாள். அது வேறு விஷயம்.

'வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா?' இது என் மனைவியின் கேள்வியும்கூட. பணம் கிடையாது. ஜெயித்தவருக்கு ஓர் எவர்சில்வர் குடம், கல்யாணப் பாத்திரத்தில் வெட்டுவதுபோல் பெயர் வெட்டித் தருவோம். ஏழு ஆண்டுகளில் என் பெயர் அதில் ஏறியதில்லை. அந்தக் குடத்துக்காகவா என்றால், இல்லை. ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

உண்மையில் லீக்கை நடத்தும் கமிஷனர் மேல்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வாக்கு 7-5. ஆறுக்கு ஆறு என்று நின்றிருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். அந்த ஏழாவது கை யாருடையது என்று பார்த்தபோதுதான் போனைக் கீழே வைத்தேன்.

என்னை அண்ணா என்று கூப்பிடும் தம்பி அவர். பேஸ்பாலில் எத்தனை தளம் என்றுகூடத் தெரியாமல் லீக்குக்குள் வந்தார். 2024இல் நட்சத்திர மட்டையாளர் மைக் டிரவுட்டை மூன்றாம் சுற்று விலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தபோது, இரவு ஒரு மணிவரை போனில் பேசி விடவைத்தேன். அந்த ஆண்டு டிரவுட் ஆடியது வெறும் 29 ஆட்டம். 'அண்ணா, காப்பாற்றினீர்கள்' என்று அவரே செய்தி அனுப்பினார். அது இன்னும் என் போனில் இருக்கிறது. செவ்வாய்க்குப் பிறகு இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

லீக் நலனுக்காக வாக்களித்தேன் என்றாராம். என்னிடம் அல்ல, இன்னொருவரிடம். என்னிடம் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு வரம்பு என்று சொல்லியிருந்தால் முதல் கை என்னுடையதாக இருந்திருக்கும். கேட்கவே இல்லையே.

ஸ்கீன்ஸை நீக்கித் திருத்திய பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லி கமிஷனரிடமிருந்து நினைவூட்டல் வந்தது, ஒரு சிரிப்புப் படத்தோடு. சற்றுமுன் அனுப்பிவிட்டேன். ஞாயிறன்று கொடுத்த அதே நான்கு பெயர்கள். கடைசி வரி: 23ஆம் சுற்று, பால் ஸ்கீன்ஸ். அந்தப் பெயரை அடிப்பதானால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள், என் கையால் அடிக்க மாட்டேன்.