பார்க்லியைக் காட்டிக் காசை இறைக்கச் சொல்லாதீர்கள்

நேற்று நம் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் (அமெரிக்கக் கால்பந்து அணி) ரசிகர் குழுவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "சேக்குவான் பார்க்லிக்கு அள்ளிக் கொடுத்தோம், கோப்பை வந்தது. கஞ்சர்களுக்கு இது புரியாது" என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகக் கைதட்டல். ஈகிள்ஸ் தோற்றால் அன்று சோறு இறங்காதவனைக் கஞ்சன் என்கிறார்கள். வலிக்கிறது. அதைவிட, அந்தக் கணக்கே தப்பு என்பது இன்னும் உறுத்துகிறது.

பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் பார்க்லி பெரிய செலவே இல்லை. மலிவு. 2024 மார்ச்சில் 3 வருடத்துக்கு 37.75 மில்லியன் டாலர், அதாவது வருடத்துக்குப் பன்னிரண்டரை மில்லியன் சொச்சம். அதே வருடம் மின்னசோட்டா, எறிந்த பந்தைப் பிடிக்கும் தன் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்குக் கொடுத்தது வருடத்துக்கு 35 மில்லியன். ரன்னிங் பேக்குகளை யாரும் மதிக்காத காலம் அது. பழைய அணியான ஜயன்ட்ஸே பார்க்லியைப் போகவிட்டது. விலை விழுந்து கிடந்த இடத்தில் முதல்தர ஆட்டக்காரரை வாங்கினோம். அவர் அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார். இதற்குப் பெயர் காசை இறைப்பதா?

உண்மையிலேயே இறைத்தது வேறு இடத்தில். அதே மார்ச், அதே அணி. ஜெட்ஸ் அணியில் 10 சாக் (பந்தை எறியும் குவாட்டர்பேக்கை, எறியும் முன்பே வீழ்த்துவது) எடுத்துவிட்டு வந்த பிரைஸ் ஹஃப்புக்கு 3 வருடத்துக்கு 51 மில்லியன். தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கர் சாக் பானுக்கு ஒரே வருடத்துக்கு 3.5 மில்லியன். நியூ ஆர்லியன்ஸில் 4 வருடம் பெரும்பாலும், பந்தை உதைக்கும் நேரத்தில் மட்டும் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸில் ஓடிக்கொண்டிருந்தவர் பான். நம் தடுப்பாட்டப் பயிற்சியாளர் விக் ஃபேஞ்சியோ அவரை விளிம்பிலிருந்து எடுத்து நடுவில் நிறுத்தினார். ஹஃப் எடுத்தது இரண்டரை சாக். 2025 பிப்ரவரி 9, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். ஹஃப் அன்று சீருடைகூடப் போடவில்லை. நாம் 17-0 என்று முன்னிலையில் இருந்தபோது எதிரணிக் குவாட்டர்பேக் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பாய்ந்து பிடித்தவர் பான். அடுத்து ஏ. ஜே. பிரவுன் டச்டவுன், 24-0. கோப்பையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?

ஒப்பந்தம் முடிந்தவர்களை அணிகள் வாங்கும் சந்தையில் முதல் நாள் விலை ஏன் ஏறுகிறது? நல்ல ஆட்டக்காரரைச் சொந்த அணி முன்கூட்டியே ஒப்பந்தம் நீட்டியோ, ஃப்ரான்சைஸ் டேக் (ஒரு வருடம் வேறு அணிக்குப் போகவிடாமல் வைக்கும் உரிமை) போட்டோ பிடித்துவைத்துக்கொள்கிறது. சந்தைக்கு வருபவர்களில் பலர், அவர்களின் முழங்காலையும் பழக்கத்தையும் நன்றாகத் தெரிந்த அணியே "இந்த விலைக்கு வேண்டாம்" என்று விட்டவர்கள். அவர்கள்மேல் மற்ற அணிகள் போட்டி போட்டு ஏலம் கேட்கும்போது, யார் அளவுக்கு மீறி மதிப்பிடுகிறாரோ அவரே ஜெயிக்கிறார். ரெய்டர்ஸ் 2024இல் கிறிஸ்டியன் வில்கின்ஸுக்கு 4 வருடம், 110 மில்லியன் கொடுத்தது. ஐந்தே ஆட்டம், காலில் காயம். 2025 ஜூலையில் கழட்டிவிட்டார்கள்.

கழட்டிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். 5 வருட ஒப்பந்தத்தில் 25 மில்லியன் சைனிங் போனஸ் என்று வையுங்கள். பணம் முன்னாலேயே கைக்குப் போய்விடும், ஆனால் சாலரி கேப்பில் (ஓர் அணி ஒரு வருடத்தில் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு) வருடத்துக்கு 5 என்று பிரித்து எழுதுவார்கள். 2 வருடம் கழித்து அவரை நீக்கினால் மிச்சம் 15 மில்லியனும் அந்த வருடக் கணக்கில் ஒரேயடியாக விழும். ஜூன் 1க்குப் பிறகு நீக்கியதாகக் கணக்கெழுதும் சலுகையைப் பயன்படுத்தினால் இந்த வருடம் 5, அடுத்த வருடம் 10. ஆள் இருக்க மாட்டார், கடன் இருக்கும். இதுதான் டெட் மனி. டென்வர் ரஸ்ஸல் வில்சனை 2024இல் நீக்கியபோது இப்படி விழுந்தது 85 மில்லியன்.

"அந்த வருடமே டென்வர் பிளேஆஃப் போனதே?" என்பீர்கள். போனது. குவாட்டர்பேக் போ நிக்ஸ் புதுமுக ஒப்பந்தத்தில், சொற்ப சம்பளத்தில் இருந்தார். அதனால்தான் தாங்க முடிந்தது.

"கேப் வருடாவருடம் ஏறுகிறதே?" இது நியாயமான கேள்வி. 2023இல் 224.8, 2024இல் 255.4, 2025இல் 279.2 மில்லியன். பழைய கடன் சுருங்கித்தான் தெரியும். ஆனால் அந்த ஏற்றம் 32 அணிக்கும் பொது, நமக்கு மட்டும் கிடைத்த வரம் இல்லை.

"1993இல் ரெஜி வைட்டை வாங்கித்தானே கிரீன் பே எழுந்தது?" ஆமாம். ரெஜி வைட் மாதிரி ஒருவர் சந்தைக்கு வந்தால் சட்டையை விற்றாவது வாங்குங்கள். அவரை இழந்தது நாம்தான், அந்த வலி எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய பெயர்களை வாங்கிக் குவித்த 2011 "ட்ரீம் டீம்" மட்டும் ஏன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை? நம்தி அசொமுகாவுக்கு 5 வருடம், 60 மில்லியன். முடிவு 8 வெற்றி, 8 தோல்வி. அதுவும் நம் அணிதான்.

மலிவு என்றால் குப்பையைப் பொறுக்குவது இல்லை, அதற்கும் முறை இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து வருபவரை வாங்கினால், நாம் இழந்த ஆட்டக்காரருக்கு ஈடாகக் கிடைக்கும் காம்பன்சேட்டரி பிக் (புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கூடுதலாக ஒருவரை எடுக்கும் உரிமை) கைவிட்டுப் போகலாம். சொந்த அணி கழட்டிவிட்டவரை வாங்கினால் அந்தக் கணக்கில் அவர் சேரமாட்டார். டிராஃப்ட் முடிந்த அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகு வாங்குபவரும் சேரமாட்டார். பால்டிமோர் இந்த விதியை வைத்தே வருடாவருடம் பிக் சேர்க்கிறது. அடுத்தது, ஆளை இடம் மாற்றிப் பார்க்கும் கண். மெக்காய் பெக்டன், டிராஃப்டில் ஜெட்ஸ் 11ஆவதாக எடுத்த டாக்கிள், அதாவது முன்வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணியைத் தடுப்பவர். காயங்களுக்குப் பிறகு யாரும் சீண்டவில்லை. ஒரு வருடம், அதிகபட்சம் 5.5 மில்லியன் என்று வாங்கி அதே வரிசையின் உள்பக்கம், ரைட் கார்டில் நிறுத்தினோம். பார்க்லி ஓடிய பாதையைத் திறந்தவர்களில் அவரும் ஒருவர்.

பார்க்லி பெயரைச் சொல்லிக் கைதட்டிய ஒருவர்கூடப் பெக்டன் பெயரைச் சொல்லவில்லை. பானையும் சொல்லவில்லை. விலைச்சீட்டில் பெரிய எண் இல்லாதவன் நம் கண்ணில் ஆட்டக்காரனே இல்லையா? 2025 மார்ச்சில் பானுக்கு நாம் கொடுத்த புது ஒப்பந்தம் 3 வருடம், 51 மில்லியன். அதே 51. தகுதியை நம் கண்முன்னே காட்டியவருக்குக் கொடுத்தோம். அந்தக் காசை நான் ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை.