இன்னுமா லைம்?

பொங்கல் விழா படத்தின் கீழே வந்த அந்தக் கேள்வியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் கோலத்தைச் சுற்றி நிற்கிறார்கள், நான் மட்டும் நாற்காலியில். "இன்னுமா லைம்? மூணு வாரம் மருந்து எடுத்தா தீர்ந்துடுமேம்மா" என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். உண்ணி கடித்து வரும் லைம் நோயைத்தான் சொல்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குக் கீழே விழுந்த சிரிப்புக்குறிகள்தான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

கிருமி போவது வேறு, உடம்பு அடங்குவது வேறு.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கிருமியைப் பரப்பும் மான் உண்ணியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கடித்ததை நான் பார்க்கவே இல்லை. இரண்டு வருடம் முன்பு, ஆகஸ்டில் ஒரு காலை, வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. இடது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று நினைத்து என் கணவர் அழுதுவிட்டார். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தபோது அதில் வெள்ளையணுக்கள் ஏராளம். லைம் கிருமி நரம்பு மண்டலம் வரை போயிருந்தது. 21 நாள் டிரிப்ஸில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். முகம் சரியானது. களைப்பும், பேச்சின் நடுவே சொல் மறந்துபோவதும், காலில் எரிச்சலும் இன்றுவரை போகவில்லை.

"டெஸ்ட் இன்னும் பாசிட்டிவ்தானே, அப்போ கிருமி உள்ளேதான் இருக்கு, ஆறு மாசம் மருந்து எடு" என்று இன்பாக்ஸில் எழுதிய அக்காக்களே, அதுவும் இல்லை. அந்த டெஸ்ட் தேடுவது கிருமியை அல்ல, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. லைம் வந்து 10 முதல் 20 வருடம் ஆனவர்களின் ரத்தத்தில்கூட ஆன்டிபாடி இருந்ததை 2001இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. முதுகுத்தண்டு நீரில் நோய் உச்சத்தில் ஏறும் சிஎக்ஸ்சிஎல்13 என்ற பொருள் மருந்துக்குப் பிறகு இறங்கிவிடும். ஆன்டிபாடி மட்டும் வருடக்கணக்கில் தங்கும். அதே 2001இல், தொல்லை நீடித்தவர்களுக்கு 90 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மருந்து கொடுக்கப்பட்டவர்களைவிட அவர்கள் அதிகம் தேறவில்லை. வயிற்றைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அப்படியானால் எல்லாம் மனசுதானே என்பீர்கள். ஒரு டாக்டரும் என்னிடம் அதைத்தான் சொன்னார், அதுவும் என் மகள் முன்னால். மருந்து முடிந்த பிறகும் இப்படி அவதிப்படுகிறவர்கள் சிலரிடம் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா, ஐஎல்-23 போன்ற நோய் எதிர்ப்புச் சமிக்ஞைகள் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கிருமி போன பிறகும் காவல் முழுதாகக் கலையவில்லை. இதை மனசு என்று எப்படிச் சொல்வது?

இந்த நோய்க்குப் பெயர் தந்த லைம் ஊர் எங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே பாலி மர்ரே என்ற தாய், தானும் கணவரும் நான்கு பிள்ளைகளும் மாறி மாறி நோயில் விழுந்ததை வருடக்கணக்கில் குறித்துவைத்தார். அவருக்கும் மனசுதான் காரணம் என்றார்கள். 1975இல் அவரும் இன்னொரு தாயும் விடாமல் சுகாதாரத் துறையைக் கூப்பிட்டதால்தான் விசாரணையே தொடங்கியது. கிருமியைக் கண்டுபிடிக்க இன்னும் சில வருடங்கள் ஆயின. அத்தனை காலமும் அந்த அம்மாவுக்கு வலித்துக்கொண்டுதானே இருந்தது? நம்புவதற்கு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஊரில் அம்மாவுக்கு ஜுரம் வந்து போனால் ஒரு மாதம் யாரும் அவளை வேலை ஏவ மாட்டார்கள். "உடம்பு தேறட்டும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை இங்கே இரண்டு வருடமாக யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அப்புறம் அந்தப் படத்தில் இருக்கும் கோலம். ஹால் தரையில் குனிந்து அதற்கு முழுசாகப் புள்ளி வைத்தது நான்தான். வைத்து முடித்து, நிற்க முடியாமல் உட்கார்ந்தபோது எடுத்த படம் அது.