எம்டன் கேப்டன் ஹிட்லர் காலத்தில் உயிரோடு இல்லை

1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸின் பர்மா ஆயில் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் கேப்டன் முல்லர், ஹிட்லர் கடற்படையிலும் பணியாற்றினார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. முல்லர் 1923-லேயே இறந்துவிட்டார், 49 வயதில். மலேரியா அவரை விடவே இல்லை.

இரண்டு உலகப் போர்க்காலத்திலும் சீருடையில் இருந்தவர், அதே கப்பலின் டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) அதிகாரி விட்ஹோஃப்ட். இரண்டாம் போர் தொடங்கியபோது வாஷிங்டன் ஜெர்மன் தூதரகத்தில் கடற்படைப் பிரதிநிதியாக இருந்தார். எம்டன் மாலுமிகள் கப்பலின் பெயரைக் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசு அனுமதித்திருந்தது. அதனால் இவர் 'விட்ஹோஃப்ட்-எம்டன்'. குழப்பம் இதிலிருந்து வந்திருக்கலாம்.

அப்புறம், எம்டனின் துணைக் கேப்டன் மியூக்கே. எம்டன் அழிந்தபோது ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் சுமார் 50 பேரோடு தப்பி ஊர் சேர்ந்தவர். பின்னாளில் போரையே எதிர்த்தார். நாஜிகள் அவரைச் சிறையில் அடைத்தார்கள். தயவுசெய்து இவர்களை ஒரே ஆளாக்காதீர்கள்.