சாப்பாட்டோடு நாடகம் பார்த்தால் என்ன கேவலம்?

அமெரிக்க நாடகக்காரர்களிடம் டின்னர் தியேட்டர் என்று சொல்லிப் பாருங்கள், பலர் ஒரு மாதிரி சிரிப்பார்கள். முதலில் இரவுச் சாப்பாடு, அப்புறம் அதே மேசையில் உட்கார்ந்தபடி நாடகம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். மார்க்கெட் போன நடிகர்கள் கரை ஒதுங்கும் இடம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு இந்த இளக்காரம் பிடிப்பதில்லை.

1953-இல் நியூயார்க்கிலிருந்து வந்த நாடகக்காரர்கள் ஆறு பேர், வர்ஜீனியாவில் ஹானோவர் டாவர்ன் என்ற பழைய சத்திரத்தை வாங்கி, அங்கேயே குடியிருந்து, பார்க்ஸ்டேல் தியேட்டரைத் தொடங்கினார்கள். ரிச்மண்ட் நகரத்திலிருந்து அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடாமல் எப்படி? நாட்டின் முதல் டின்னர் தியேட்டர் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

அறுபதுகளில் 'பார்ன் டின்னர் தியேட்டர்' என்ற பெயரில் களஞ்சியம் மாதிரியான கட்டடங்கள் பல ஊர்களில் முளைத்தன. வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் 1964-இல் திறந்தது இன்னும் நடக்கிறது. அங்கே கூட்டம் பஃபேயில் எடுத்துச் சாப்பிட்டு முடித்ததும் மேடையே கூரையிலிருந்து இறங்கி வரும். இதைக் கண்டுபிடித்த ஆளை மலிவான கலைஞன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, குறையும் உண்டு. டின்னர் தியேட்டர்களில் போடுவது பெரும்பாலும் ஏற்கெனவே ஓடித் தீர்ந்த இசை நாடகங்களும் சிரிப்பு நாடகங்களும்தான். சாப்பிட்ட வயிற்றோடு இருப்பவரைக் கலங்கடிக்கிற நாடகத்தை யாரும் துணிந்து போடுவதில்லை. எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்த இந்த வகை பிறகு தேய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் மினசோட்டாவின் சான்ஹாசனைப் பாருங்கள். மினியாபொலிஸுக்குப் பக்கத்து ஊர், பாடகர் பிரின்ஸின் வீடும் ஸ்டுடியோவுமான பெய்ஸ்லி பார்க் இருக்கும் அதே ஊர். 1968-இல் ஹெர்ப் புளூம்பெர்க் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் அங்கே ஒரு டின்னர் தியேட்டரைத் திறந்தார். அப்போது அந்த ஊரைச் சுற்றி வயல்தான் அதிகம்.

அங்கே 1971-இல் 'ஐ டூ! ஐ டூ!' என்ற இசை நாடகத்தைப் போட்டார்கள். மொத்தமே இரண்டு பாத்திரங்கள், ஒரு தம்பதியின் 50 வருட வாழ்க்கைதான் கதை. டேவிட் ஆண்டர்ஸ், சூசன் கோப்பிங்கர் என்ற இருவர் நடித்தார்கள். நாடகம் 1993 வரை ஓடியது. 22 வருடம், 7,645 காட்சிகள், கடைசிவரை அதே ஜோடி. நடுவில் இருவரும் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள்! ஆரம்பத்தில் கிழவனும் கிழவியுமாக மாறத்தான் ஒப்பனை அதிகம் தேவைப்பட்டிருக்கும். கடைசி வருடங்களில் முதலிரவுக் காட்சிக்குத்தான் அதிகம் பூசியிருப்பார்கள்.

ஒரே நாடகத்தை 22 வருடம் நடிப்பது கலையா என்று கேட்பார்கள். நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் திரிவதுதான் நடிகர்கள் பலரின் பிழைப்பு. இவர்கள் இருவருக்கும் ஒரே ஊரில், சொந்தத் தொழிலிலேயே, 22 வருடம் வேலை இருந்தது. அந்தச் சம்பளம் வந்ததில் பெரும் பங்கு நாம் கிண்டல் செய்யும் சாப்பாட்டு மேசைக்குத்தான். பெரிய நகரத்துப் புகழ்பெற்ற அரங்குகளில் எத்தனை பேருக்கு இது வாய்த்தது?

நடிகை ஏமி ஆடம்ஸும் இந்த வழியாக வந்தவர்தான். கொலராடோவில் போல்டர் ஊர் டின்னர் தியேட்டரில் முதலில் மேசைகளுக்குப் பரிமாறிவிட்டு, அப்புறம் மேடையேறி ஆடியிருக்கிறார். பிறகு மூன்று வருடம் சான்ஹாசனில். தசைக் காயத்தால் ஓய்வில் இருந்தபோது, மினசோட்டாவிலேயே எடுத்துக்கொண்டிருந்த ஒரு படத்துக்கு நடிகர் தேர்வுக்குப் போனார். அதுதான் அவருடைய முதல் சினிமா.