திருமயத்துக்கு ஒரு நாள்

சின்ன ஊர்களுக்குப் போவதென்றாலும் ஒரு வாரம் முன்பே திட்டம் போடுங்கள் என்று உங்கள் பயணக் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, திருச்சியில் காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது காரைக்குடி பஸ் வந்து நின்றது, ஏறிவிட்டேன், வழியில், புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தில் இறங்கிவிட்டேன். அவ்வளவுதான் திட்டம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் திருமயம் கோட்டையைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 1687-ல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது, உச்சியில் ஒரு பீரங்கி, பாதி வழியில் பாறைக்குள் குடைந்த சின்ன சிவன் சந்நிதி, இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும் (வேட்டியோடு ஏறினேன், அதைப் பற்றி அப்புறம் பேசலாம்).

கீழே அதே குன்றில் சிவனுக்கு ஒரு குடைவரைக் கோயில், பெருமாளுக்கு ஒரு குடைவரை, பக்கத்துப் பக்கத்தில். பள்ளிகொண்ட பெருமாள் அவ்வளவு பெரியவர், ஒரே பார்வையில் அடங்க மாட்டார். ஆனால் நான் போன நேரம் நடை சாத்தியாகிவிட்டது. "சாயங்காலம் வாங்க தம்பி" என்றார் வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மா. பத்து ரூபாய்க்கு வாங்கி, உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக்கொண்டு மதிலோர நிழலில் ஒரு தூக்கம். சரி, இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான், கோயில் நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். சுதந்திரப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான்.