ஏரோஸ்பேஸில் எம்.இ., எம்.டெக்: காலேஜ் பெயருக்கு முன்னால் ப்ராஜெக்டைப் பாருங்கள்

எம்.டெக் சேர்க்கைக்கு எழுதும் கேட் தேர்வின் ரிசல்ட் வந்த கையோடு வருஷா வருஷம் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. "இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்?" கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதல் கேள்வி இது: "ரெண்டாம் வருஷம் நான் எந்த லேபில் உட்காரப் போகிறேன்? அங்கே எதைக் கணக்குப் போடப் போகிறேன்?"

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், முதல் வருஷப் பாடங்களில் பாதி பி.இ.யில் படித்ததையே ஆழமாகப் படிப்பதுதான். அது எங்கே சேர்ந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்தப் படிப்பை முடித்து வெளியே வரும்போது கையில் இருப்பது அந்த ஒரு ப்ராஜெக்ட். இன்டர்வியூவில் 20 நிமிஷம் தோண்டப்போவதும் அதைத்தான்.

பெற்றோர் யாராவது படித்தால் ஒரு சின்ன விளக்கம். இந்தப் படிப்பு படித்தால் பைலட் ஆக முடியாது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் தனிப் பாதை, அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானத்தைப் பராமரித்துக் கையெழுத்துப் போடும் ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) வேலைக்கும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும். எம்.டெக் என்பது வடிவமைப்பு, கணக்கீடு, சோதனை, ஆராய்ச்சி. இதைத் தெரிந்துகொள்ளாமல் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு அப்புறம் வருத்தப்படுகிற வீடுகள் இருக்கின்றன.

நுழைவுத் தேர்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட் தேர்வின் ஏ.இ. (ஏரோஸ்பேஸ்) தாள் 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். பொது ஆப்டிட்யூடுக்கு 15, கணிதத்துக்கு 13, மீதி 72 பாடத்துக்கு. விடையை எண்ணாகக் கணக்கிட்டு நிரப்பும் கேள்விகள் நிறைய வரும், அவற்றுக்கு மைனஸ் மார்க் கிடையாது. திரையில் இருக்கும் கால்குலேட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால் டிசம்பரிலிருந்தே கைக் கால்குலேட்டரை எடுத்து வைத்துவிட்டு அதிலேயே பழகுங்கள். ஸ்கோர் 3 வருஷம் செல்லும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாதிரி அண்ணா பல்கலைக்கழக எம்.இ. இடங்களுக்கு தமிழ்நாட்டின் பொது நுழைவுத் தேர்வான சீட்டா பி.ஜி. எழுதியும் வரலாம், கேட் ஸ்கோரோடும் வரலாம். ஆனால் மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை கேட் வழியாக வருகிறவர்களுக்குத்தான். இரண்டு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3 லட்சம். சீட்டா மட்டும் போதும் என்று இருப்பவர்கள் இதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஐ.ஐ.டி.களின் ஆஃபர் கோஆப் என்ற பொதுத் தளத்தில் வரும். 'அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்' கொடுத்துவிட்டால் அடுத்த சுற்றுகளிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். ஒன்றுமே அழுத்தாமல் விட்டாலும் ஆபத்து, வேண்டாம் என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு சுற்றின் கடைசி நேரத்தையும் போனில் அலாரமாக வையுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் எம்.டெக் தவிர எம்.எஸ். என்ற ஆராய்ச்சிப் பட்டமும் உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம், தனி இன்டர்வியூ. பாடங்கள் குறைவு, ஆய்வேடு பெரிது, பெரும்பாலும் இரண்டு வருஷத்தைத் தாண்டும். பிஎச்.டி. எண்ணம் இருப்பவர்கள் எம்.டெக்கை விட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி லேப் விஷயம். சேருவதற்கு முன்னால் அந்தத் துறையில் கடைசி மூன்று வருஷம் வந்த ஆய்வேடுகளின் தலைப்பைப் பாருங்கள். அங்கே பிஎச்.டி. செய்யும் அண்ணன், அக்கா யாரிடமாவது பேசுங்கள். விண்ட் டன்னல் (மாடல் மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் சுரங்கம்) இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் இருக்கிறது என்பார்கள். விசையை அளக்கும் பேலன்ஸ் இப்போது வேலை செய்கிறதா, கடைசியாக எப்போது கேலிப்ரேட் செய்தார்கள் என்று கேளுங்கள். கணினி வேலை என்றால் ஒரு மாணவருக்கு எத்தனை ப்ராசஸர் கோர் கிடைக்கும், சாஃப்ட்வேர் லைசென்ஸ் எத்தனை பேருக்கு, வரிசையில் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். இதற்குப் பதில் வராத இடத்தில் உங்கள் ரெண்டாம் வருஷம் காத்திருப்பிலேயே போய்விடும்.

அப்படியே நல்ல லேப் கிடைத்தாலும் ப்ராஜெக்ட் கெட்டுப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. அழகான கலர் படங்கள். இறக்கையைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக அழுத்தப் படம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சி.எஃப்.டி. சாஃப்ட்வேர், தப்பான மெஷ்ஷுக்கும் (காற்றைச் சின்னச் சின்னச் செல்களாகப் பிரிக்கும் வலை) அதே அழகோடு படம் போட்டுக் கொடுக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 1 மீட்டர் இருக்கும் இறக்கை, காற்று வினாடிக்கு 30 மீட்டர். ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் நீளத்தையும் பெருக்கி, காற்றின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தது) சுமார் 20 லட்சம். கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. என்ற டர்புலன்ஸ் (கொந்தளிப்பு ஓட்ட) மாடலைச் சுவர் வரைக்கும் சரியாக ஓட்ட ஒய் பிளஸ் (சுவரிலிருந்து முதல் செல்லின் உயரத்தைக் காட்டும் அலகில்லா எண்) 1 வேண்டும். உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.0033. அதிலிருந்து உராய்வு வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர். ஆக, இறக்கையை ஒட்டிய முதல் செல்லின் உயரம் சுமார் 0.012 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஆறில் ஒரு பங்கு. பலர் 1 மில்லிமீட்டர் வைத்துவிட்டு டிராக் (பின்னிழுக்கும் விசை) ஏன் ஒத்துவரவில்லை என்று டர்புலன்ஸ் மாடலை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாடலில் பிழை இல்லை, 80 மடங்கு தடித்த செல்லில் இருக்கிறது. "உங்க மெஷ்ல ஒய் பிளஸ் எவ்வளவு?" என்பது வைவாவிலும் இன்டர்வியூவிலும் வரும் முதல் கேள்வி.

உங்கள் சொந்த வடிவத்தைத் தொடுவதற்கு முன் நாகா 0012 இறக்கைக் குறுக்குவெட்டை ஓட்டிவிடுங்கள். சமச்சீர் வடிவம், அதனால் காற்றுக்கு 0 டிகிரி சாய்வில் லிஃப்ட் (மேலே தூக்கும் விசை) பூஜ்யம் வர வேண்டும். வரவில்லையென்றால் மெஷ்ஷிலோ எல்லை நிபந்தனையிலோ கோளாறு. மாக் 0.15 (ஒலி வேகத்தில் 0.15 மடங்கு), ரெனால்ட்ஸ் எண் 60 லட்சத்தில் நாசா லாங்லி வெளியிட்டிருக்கும் கணக்கீடுகளில் 10 டிகிரிக்கு லிஃப்ட் கெழு ஏறத்தாழ 1.09, டிராக் கெழு 0.0123. அதற்கு அவர்கள் வெளி எல்லையைக் கார்ட் (முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரை) நீளத்தைப் போல 500 மடங்கு தள்ளி வைத்திருக்கிறார்கள். 15 மடங்கில் வைத்தால் லிஃப்ட் கொஞ்சம் குறைந்து, இல்லாத டிராக் ஏறும். அதே மாதிரி, ரெசிட்யூவல் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) ஆயிரத்தில் ஒன்றாக இறங்கியதும் நிறுத்தாதீர்கள். டிராக் கெழுவின் வரைபடம் நாலாவது தசமத்தில் தட்டையாகும் வரை ஓடட்டும். முதல் வரிசை (துல்லியம் குறைந்த) ஸ்கீமில் ஆரம்பிக்கலாம், ஆனால் அதிலேயே முடிக்கக் கூடாது, செயற்கையாக டிராக் கூடும். பிறகு 40 ஆயிரம், 80 ஆயிரம், 1 லட்சத்து 60 ஆயிரம் செல் என மூன்று மெஷ்ஷில் ஓட்டி விடை எவ்வளவு மாறுகிறது என்று அட்டவணை போடுங்கள். ஆய்வேட்டில் எனக்குப் பிடித்த பக்கம் அந்த அட்டவணைதான்.

ட்ரோன் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். 15 சென்டிமீட்டர் கார்ட், வினாடிக்கு 15 மீட்டர் என்றால் ரெனால்ட்ஸ் எண் ஒன்றரை லட்சம்தான். அங்கே லாமினார் (கலங்காத, அடுக்கடுக்கான) ஓட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்து, மறுபடி ஒட்டும், நடுவில் ஒரு குமிழ் உண்டாகும். முழுக்க டர்புலன்ட் என்று எடுத்துக்கொள்ளும் மாடலுக்கு அந்தக் குமிழ் தெரியவே தெரியாது. இலவச எக்ஸ்ஃபாயில் நிரல் நிமிஷத்தில் கொடுக்கும் விடை, மூன்று நாள் ஓடிய சி.எஃப்.டி.யைவிட உண்மைக்கு நெருக்கமாக இருப்பதுண்டு.

விண்ட் டன்னலில் உழைக்கிறவர்கள் நம்ம ஊர் வெயிலை மறக்கக் கூடாது. காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று எல்லோரும் மனப்பாடமாகப் போடுகிறார்கள். அது 15 டிகிரிக்கான எண். மே மாசம் 38 டிகிரியில் கடல்மட்ட அழுத்தத்துக்கு 1.135 தான் வரும். அனிமோமீட்டரில் வேகம் அளந்து, 1.225 போட்டு வகுத்தால் லிஃப்ட் கெழு 7 சதவீதம் குறைவாக வரும். காற்றின் வேகத்தை அழுத்தமாக அளக்கும் பிட்டோ குழாய் காட்டும் அழுத்த வித்தியாசத்தாலேயே நேரடியாக வகுத்தால் அடர்த்தியே தேவையில்லை, இந்தப் பிழையும் வராது.

அடுத்தது மாடலின் அளவு. 60க்கு 60 சென்டிமீட்டர் டன்னலில் குறுக்குப் பரப்பு 3,600 சதுர சென்டிமீட்டர். காற்றை மறைக்கும் பரப்பு 5 சதவீதத்துக்குள், அதாவது 180க்குள் இருப்பது நல்லது. 50 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் கார்ட் உள்ள 0012 இறக்கை நேராக இருக்கும்போது 90 தான் மறைக்கும். அதையே 15 டிகிரி சாய்த்தால் 195ஐத் தொடும். ஸ்டால் (லிஃப்ட் திடீரென விழுவது) வரப்போகிற அந்த முக்கியமான இடத்தில்தான் அளவீடு கெடுகிறது.

வேலை எங்கே என்று கேட்பவர்களுக்கு: கேட் ஸ்கோரோடு பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ., பெங்களூரில் விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல்., விமான ஆராய்ச்சிக்கூடமான என்.ஏ.எல். நம்ம பக்கம் ஆவடியில் போர் வாகன ஆய்வகமான சி.வி.ஆர்.டி.இ., மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவிய அக்னிகுல், ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ந்த நிறுவனம். இங்கே எல்லாம் ஒரு வேலையை முழுசாகச் செய்து முடித்த ஆளைத்தான் தேடுகிறார்கள். அமெரிக்காவில் எம்.எஸ். யோசிப்பவர்கள் கடன் வாங்குவதற்கு முன் ஐடார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதியைப் படியுங்கள். அங்குள்ள ராக்கெட், பாதுகாப்பு நிறுவனங்களின் பல வேலைகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்குத் திறக்காது. படிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கதவு மூடித்தான் இருக்கும்.

ரெண்டாம் வருஷத்துக்கு என் கணக்கு இது. ஜூலையில் தலைப்பு முடிவாக வேண்டும். செப்டம்பருக்குள் தெரிந்த விடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்குள் மெஷ் அட்டவணை. பொங்கல் முடிந்து வந்ததும் முக்கியமான கேஸ்கள். மார்ச் கடைசியில் ரன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எழுத உட்காருங்கள். ஏப்ரலில் புதுசாக ஒரு கேஸ் ஓட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றும், கைடுக்கும் தோன்றும். அதை ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் எழுதிவிட்டு, மெஷ் ஃபைலை அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்காக லேப் சர்வரில் பெயர் போட்டு வைத்துவிடுங்கள்.